பையில் ஒரு மடக்குக் கத்தி

கொல்கத்தா நகருக்கு எதிரே, ஹூக்ளி ஆற்றின் மறுகரையில் ஹௌரா நகரம் இருக்கிறது. அதன் ஒரு பகுதி சாந்த்ராகாச்சி. இங்கே பெரிய ரயில் நிலையம் உண்டு. நிலையத்தின் அருகே ஓர் ஏரி உண்டு. குளிர்காலத்தில் அந்த ஏரிக்குப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வரும்.

கோனா விரைவுச் சாலை சாந்த்ராகாச்சி வழியாகச் செல்கிறது. சென்னைப் பக்கமிருந்து வரும் லாரிகள் இந்தச் சாலையில் வந்து வித்யாசாகர் பாலத்தை அடைகின்றன. அந்தப் பாலம் 1992-இல் திறக்கப்பட்டது. பாலத்தைக் கடந்தால் கொல்கத்தா.

நாமக்கல்லில் இருந்து வந்த லாரி ஒன்று சாலையோரம் நிற்கிறது. சுமார் 2,000 கிலோமீட்டர் ஓடி வந்த லாரி அது. பகலில் பெரிய லாரிகள் கொல்கத்தாவுக்குள் செல்லக் கட்டுப்பாடு உண்டு. எனவே இரவு வரை காத்திருக்க வேண்டும்.

லாரியின் கிளீனருக்கு 20 வயது. இதுதான் அவருக்கு முதல் நெடும்பயணம். அவர் சாலையோரக் கடை ஒன்றைப் பார்க்கிறார். பூட்டு, டார்ச் விளக்கு, சீப்பு, கத்தி எல்லாம் அங்கே இருக்கின்றன. வங்காள மொழியில் கத்தியை 'சுரி' என்பார்கள். தமிழில் 'சூரிக் கத்தி' என்று சொல்வது இதை ஒட்டிய சொல்தான்.

கிளீனர் ஒரு கத்தியைக் கையில் எடுக்கிறார். அதன் பிடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்று அலகு துள்ளி வெளியே வருகிறது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

"அண்ணா, இதை வாங்கிக்கட்டுங்களா? கயிறு அறுக்க ஆகும். ராத்திரியில திருடன் வந்தாலும் பயமில்லீங்க."

டிரைவர் 25 ஆண்டுகளாக லாரி ஓட்டுபவர். அவர் கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"கயிறு அறுக்க ஒரு கத்தி வேணும் தம்பி. ஆனா, இது வேண்டாம்."

டிரைவர் ஏன் வேண்டாம் என்றார்? எந்தக் கத்தியை வாங்கலாம்? சட்டம் என்ன சொல்கிறது? கத்தியோடு பயணம் செய்யும் ஒவ்வொருவரும் இவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. துப்பாக்கி மட்டும் ஆயுதம் அல்ல. தாக்குவதற்கோ தற்காப்புக்கோ என்று செய்யப்பட்ட கூர்மையான கருவிகளும் ஆயுதங்களே. வாள், ஈட்டி, குத்துவாள் போன்றவை இதில் அடங்கும்.

வீட்டு வேலைக்கும் விவசாய வேலைக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்கள் ஆயுதங்கள் அல்ல. சாதாரணக் கைத்தடியைச் சட்டமே இதற்கு உதாரணமாகச் சொல்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் அரிவாள்மனை இருக்கிறது. வங்காள வீடுகளில் அதே போன்ற கருவி உண்டு. அங்கே மீனையும் காய்கறியையும் அதில்தான் நறுக்குகிறார்கள். அதன் அலகு பெரியது, கூர்மையானது. ஆனாலும் அதை யாரும் ஆயுதம் என்று சொல்வதில்லை. அது சமையலுக்காகச் செய்யப்பட்டது.

ஆயுத விதிகள் ஓர் அளவையும் சொல்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியலில் இருக்கின்றன. 9 அங்குலம் என்பது சுமார் 23 சென்டிமீட்டர். 2 அங்குலம் என்பது சுமார் 5 சென்டிமீட்டர். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்த கத்திகளுக்கு இதில் விலக்கு உண்டு.

அப்படியானால், 8 அங்குலக் கத்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கும் போகலாமா? கூடாது. அரசு சில பகுதிகளுக்குத் தனி அறிவிப்புகள் வெளியிடுகிறது. அந்தப் பகுதிகளில் சிறிய கத்திக்கும் கட்டுப்பாடு வரலாம்.

டெல்லி இதற்கு நல்ல உதாரணம். 1980-இல் டெல்லி நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அது பட்டன் கத்தியையும் ஸ்பிரிங் கத்தியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அதில் ஓர் அளவும் சொல்லப்பட்டது. நீளம் 7.62 சென்டிமீட்டரும் அகலம் 1.72 சென்டிமீட்டரும், அல்லது அதற்கு மேலும், உள்ள கூரிய கத்திகள் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 7.62 சென்டிமீட்டர் என்றால் 3 அங்குலம்தான்.

லாரி ஒரே மாநிலத்தில் ஓடுவதில்லை. நாமக்கல்லில் இருந்து கொல்கத்தா வருவதற்குள் தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், ஒடிசா, மேற்கு வங்கம் என்று நான்கு மாநிலங்களைக் கடக்கிறது. அடுத்த வாரம் டெல்லிக்கும் போகலாம். ஆகவே, எங்கு போனாலும் தொல்லை தராத கத்தியை வாங்குவதே அறிவுடைமை.

பட்டன் கத்தி ஏன் கூடாது?

உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர் என்ற ஊர் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் திறக்கும் கத்திக்கு அந்த ஊர் பெயர்பெற்றது. பழைய இந்திப் படங்களில் வில்லன் கையில் ராம்பூர் கத்தி இருக்கும். 1990-களில் நீளமான அலகுள்ள ராம்பூர் கத்திகளைச் செய்வதற்கு அரசு தடை விதித்தது. கத்தித் தொழிலாளர்கள் பலர் வேலை இழந்தார்கள். 2023-இல் அந்த ஊரின் நினைவாக 6 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கத்திச் சிலையை ஒரு நாற்சந்தியில் வைத்தார்கள்.

பட்டன் கத்தியைப் பார்த்ததும் மக்களுக்கு நினைவு வருவது பழம் நறுக்குவது அல்ல. சண்டைதான் நினைவுக்கு வரும். போலீஸ்காரருக்கும் அப்படித்தான். கயிறு அறுப்பதற்கு ஒரு கையால் நொடியில் திறக்கும் கத்தி தேவை இல்லை. "இது எதற்கு?" என்று கேட்டால், அதை வைத்திருப்பவர் நெடுநேரம் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

கருவியாகப் பிறந்த கத்தி

மடக்குக் கத்தி சண்டைக்காகத்தான் பிறந்தது என்று நினைக்கக் கூடாது. சிறிய மடக்குக் கத்தியைப் பேனாக் கத்தி என்று சொல்கிறோம். முற்காலத்தில் பறவை இறகைச் சீவி, மையில் தோய்த்து எழுதினார்கள். இறகைச் சீவுவதற்குச் சிறு கத்தி தேவைப்பட்டது. அதனால்தான் அதற்குப் பேனாக் கத்தி என்று பெயர் வந்தது.

சுவிட்சர்லாந்து நாட்டின் ராணுவமும் சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி கொடுத்தது. கார்ல் எல்சனர் என்ற கத்தித் தொழிலாளர் 1891-இல் அவற்றைச் செய்து தந்தார். அந்தக் கத்தியில் ஓர் அலகு, தகர டப்பா திறக்கும் கருவி, திருப்புளி, துளையிடும் ஊசி ஆகியவை இருந்தன. ராணுவத்துக்குச் செய்த மடக்குக் கத்திகூடச் சாப்பாட்டு டப்பா திறக்கவும் திருகாணி கழற்றவும்தான் பயன்பட்டது.

மேற்கு வங்கத்தின் பர்த்தமான் நகரில் காஞ்சன் நகர் என்ற பகுதி இருக்கிறது. கத்தி, கத்தரிக்கோல் தொழிலுக்கு அது பெயர்பெற்ற இடம். அங்கே கொல்லர்கள் செய்த கத்திகள் சமையலறைக்கும் கைத்தொழிலுக்கும் போயின. இரும்பு ஒன்றுதான். அதைக் கருவியாகவும் செய்யலாம், ஆயுதமாகவும் செய்யலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நீளம்: அலகின் நீளம் 6 அல்லது 7 சென்டிமீட்டர் போதும். கயிறு, சாக்கு, வெங்காயம், பழம் எல்லாவற்றுக்கும் இது போதும். பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோலால் அளந்து பார்க்கலாம். அளக்க வேண்டியது அலகை மட்டுமே. பிடியைச் சேர்த்து அளக்கக் கூடாது.

திறக்கும் முறை: அலகின் பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதில் நகத்தை வைத்து, இரண்டு கைகளாலும் திறக்கும் கத்தியே நல்லது. பொத்தான் இருந்தால் வேண்டாம். கையை உதறினால் தானாகத் திறந்துகொள்ளும் கத்தியும் வேண்டாம். அது பைக்குள்ளேயே திறந்து கையைக் கிழித்துவிடும்.

கூர்: ஒரு பக்கம் மட்டுமே கூர் இருக்க வேண்டும். இரு பக்கமும் கூர் உள்ளது குத்துவாள். கயிறும் சாக்கும் அறுப்பவருக்கு ஊசி போன்ற முனை தேவை இல்லை. முனை மழுங்கிய கத்தியே அவருக்குப் பாதுகாப்பு.

உறுதி: கத்தியைத் திறந்து, அலகை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அலகு ஆடினால் ஆணி தளர்வாக இருக்கிறது என்று பொருள். மடக்கும்போது அலகு பிடியின் நடுவில் இறங்க வேண்டும். பக்கத்தில் உரசக் கூடாது. நல்ல கத்தியில் பிடியின் முதுகில் உள்ள பட்டை ஸ்பிரிங் அலகை இறுக்கமாகப் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட கத்தியை அறுக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும். முனையால் எதையும் குத்தித் தள்ளினால் அலகு மடங்கி விரலை வெட்டிவிடும்.

எஃகு: துருப்பிடிக்காத எஃகு, சாதாரண எஃகு என்று இரண்டு வகை உண்டு. சாதாரண எஃகை எளிதாகச் சாணை பிடிக்கலாம். ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். சென்னை - கொல்கத்தா சாலை பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே செல்கிறது. உப்புக் காற்றும் மழையும் அதிகம். இந்த வழியில் போகிறவருக்குத் துருப்பிடிக்காத எஃகே ஏற்றது.

பிடி: கை ஈரமாக இருந்தாலும் வழுக்காத பிடி வேண்டும். சிவப்பு, மஞ்சள் போன்ற நிறம் நல்லது. கீழே விழுந்தால் கண்ணில் படும். மண்டை ஓடு, புலி நகம் போன்ற அலங்காரம் உள்ள கத்தியை வாங்கக் கூடாது.

ரசீது: கடையில் ரசீது கேட்டு வாங்கிக் கத்தியோடு வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே வைப்பது? எங்கே கொண்டுபோகக் கூடாது?

கத்தியை இடுப்பில் செருகிக்கொள்ளக் கூடாது. லாரியில் ஸ்பேனரும் ஜாக்கியும் இருக்கும் கருவிப் பெட்டியில் கத்தியையும் வைக்கலாம். ரயிலில் போகிறவர், மடக்கிய கத்தியைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைக்கலாம். கருவிகளோடு இருக்கும் கத்தி கருவியாகத் தெரியும். இடுப்பில் இருக்கும் கத்தி ஆயுதமாகத் தெரியும்.

சில இடங்களுக்குச் சிறிய கத்தியைக்கூடக் கொண்டுபோகக் கூடாது.

விமானத்தில் கைப்பையில் கத்தி வைக்கக் கூடாது. எடை போட்டு அனுப்பும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். மெட்ரோ ரயில் நிலையங்களிலும் பைகளைச் சோதிக்கிறார்கள். 2024-இல் ஹௌராவில் இருந்து ஹூக்ளி ஆற்றின் அடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதில் ஏறிக் கொல்கத்தாவைப் பார்க்கப் போகிறவர் கத்தியை லாரியிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். நீதிமன்றம், வாக்குச்சாவடி, அரசியல் கூட்டம், ஊர்வலம் ஆகியவற்றுக்கும் கத்தியோடு போகக் கூடாது.

கலவரம் வரும் என்று அஞ்சினால் அரசு தடை உத்தரவு போடும். முன்பு இதை 144 தடை உத்தரவு என்றார்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 163-ஆம் பிரிவு ஆகிவிட்டது. அந்த உத்தரவில் கத்தி, தடி போன்றவற்றைக் கொண்டுபோகத் தடை இருக்கலாம். புதிய ஊருக்குப் போனவர் அங்கே தடை உத்தரவு இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

போலீசார் சோதனை செய்தால்

சோதனைச் சாவடியில் போலீசார் கேட்டால், கத்தி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கே இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். தாமாகவே எடுத்துத் திறந்து காட்டக் கூடாது. எடுக்கச் சொன்னால், மடக்கியபடியே கொடுக்க வேண்டும். என்ன வேலைக்கு என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

கைது என்று வந்தாலும் அஞ்சி ஓடக் கூடாது. கைது செய்யப்பட்டவருக்கு உரிமைகள் உண்டு. என்ன காரணத்துக்காகக் கைது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்குத் தகவல் தர வேண்டும். பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவரிடம் இருந்து எடுத்த பொருள்களுக்கு ரசீது தர வேண்டும். காவலில் இருப்பவர் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். அதற்கான தொலைபேசி எண் 15100.

திருடன் வந்தால்?

கிளீனரின் அச்சம் பொய் அல்ல. இரவில் நெடுஞ்சாலையில் டீசல் திருட்டும் சரக்குத் திருட்டும் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் கத்தி அதற்குத் தீர்வு ஆகுமா?

"அண்ணா, கையில ஒண்ணுமே இல்லைன்னா எப்படீங்க?"

"தம்பி, நீ ஒருத்தன் கத்தியை எடுத்தா, அவங்க நாலு பேர் எடுப்பாங்க. சரக்குப் போனா இன்சூரன்ஸ் இருக்குது. உன் உசுரு போனா உங்க அம்மாவுக்கு யார் இருக்காங்க?"

தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் எல்லோருக்கும் தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் தாக்கினால் அது குற்றம். கத்தி போன்ற ஆபத்தான கருவியால் ஒருவரைக் காயப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். கொடுங்காயம் ஏற்பட்டால் தண்டனை ஆயுள் சிறை வரை போகலாம்.

வெளியூரில் வழக்கு வந்தால் துன்பம் பெரிது. மொழி தெரியாது. ஜாமீனுக்கு ஆள் கிடைக்காது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் 2,000 கிலோமீட்டர் வந்து போக வேண்டும். வேலையும் போகும், கூலியும் போகும்.

பாதுகாப்புக்கு வேறு வழிகள் உண்டு. வெளிச்சம் உள்ள இடத்தில், மற்ற லாரிகளோடு சேர்த்து லாரியை நிறுத்த வேண்டும். கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆபத்து என்றால் 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது. இவை நாடு முழுவதும் இயங்கும் எண்கள்.

கத்தியைப் பேணுதல்

வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே மடக்க வேண்டும். மாதம் ஒரு முறை ஆணியில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட வேண்டும். கூர் மழுங்கினால் சாணை பிடிக்க வேண்டும். மழுங்கிய கத்தியை அழுத்தி அறுக்க வேண்டியிருக்கும். அப்போதுதான் அது வழுக்கிக் கையை வெட்டும்.

அறுக்கும்போது கத்தி உடலை விட்டு வெளிப்பக்கமாகப் போக வேண்டும். அடுத்தவரிடம் கொடுக்கும்போது மடக்கிக் கொடுக்க வேண்டும். வீட்டில் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கையில் வெட்டுப்பட்டால் சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு மருத்துவமனைக்குச் சென்று, தேவையானால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியில் கிளீனர் வாங்கிய கத்தி சிறியது. சிவப்புப் பிடி, நகப் பள்ளம், 6 சென்டிமீட்டர் அலகு. இரவு லாரி பாலத்தைக் கடந்தது. மறுநாள் காலை சரக்கு இறக்கும் இடத்தில் தார்ப்பாயின் முடிச்சு ஒன்று இறுகி, அவிழ்க்க முடியாமல் இருந்தது. கிளீனர் கருவிப் பெட்டியில் இருந்து கத்தியை எடுத்தார். கயிற்றை அறுத்தார். மடக்கி மீண்டும் பெட்டியில் வைத்தார்.

நினைவில் கொள்க

1. கத்தியைப் பார்த்தாலே அது வேலைக்கான கருவி என்று தெரிய வேண்டும்.
2. அலகு 7 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.
3. பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்தி, இரு பக்கமும் கூர் உள்ள கத்தி ஆகியவை வேண்டாம்.
4. கத்தியை இடுப்பில் செருகாமல், கருவிகளோடு வைக்க வேண்டும்.
5. தற்காப்புக்கு என்று கத்தி வாங்கக் கூடாது. ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 112.

கலந்து பேசுக

1. அரிவாள்மனை ஏன் ஆயுதம் ஆகாது?
2. மடக்குக் கத்தியை எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது?
3. வெளியூரில் வழக்கில் சிக்கினால் ஒரு குடும்பத்துக்கு என்னென்ன துன்பங்கள் வரும்?